பணம் கட்டு, இல்லையென்றால் வழக்கு: ஆய்விதழிடம் மாட்டிக்கொண்ட கட்டுரையை மீட்பது எப்படி?

முனைவர் பட்ட ஆய்வின் கடைசி ஆண்டில் இருக்கும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், துறை எதுவும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

"உங்கள் அரிய ஆய்வைப் படித்து வியந்தோம், எங்கள் அடுத்த இதழுக்கு எழுதுங்கள்" என்று ஒரு பன்னாட்டு ஆய்விதழிலிருந்து இவருக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. பெயர் கம்பீரமாக இருந்தது; தளத்தில் இதழுக்கான ஐஎஸ்எஸ்என் எண், கட்டுரைகளுக்கான டிஓஐ எண், இதழ் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகிறது என்று சொல்லும் இம்பாக்ட் ஃபாக்டர் எல்லாம் இருந்தன. கட்டுரையை அனுப்பிய நான்காம் நாளே ஏற்புக் கடிதம் வந்துவிட்டது. மதிப்பீட்டாளர் குறிப்பு என்று வந்ததோ இரண்டே வரி: "நல்ல கட்டுரை. மொழியைச் சற்றுச் சீர்செய்யவும்." கூடவே வந்த பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார். மறுநாள் இன்வாய்ஸ் வந்தது. கட்டணம் பற்றி அதுவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தளத்திலும் இல்லை. சந்தேகம் வந்து, ஆசிரியர் குழுவில் பெயர் இருந்த ஒரு பேராசிரியருக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். "அந்த இதழுக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை" என்று அவர் பதில் போட்டிருக்கிறார். இவர் கட்டுரையை வாபஸ் கேட்டதும், வெளியீட்டுக் கட்டணத்தில் பாதியை வாபஸ் கட்டணமாகக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வழக்குத் தொடர்வோம், உங்கள் நிறுவனத்துக்கும் புகார் செய்வோம் என்று பதில் வந்திருக்கிறது.

இதற்கு நடுவில் இணையாசிரியரான நெறியாளர், "பட்டத்துக்கு ஒரு வெளியீடு வேண்டும், கட்டிவிட்டு முடி" என்கிறார். பணத்துக்கு அவரே ஒரு வழியும் சொல்கிறார்: நண்பர் ஒருவர் கட்டணத்தைக் கட்டுவார், அவர் பெயரை இரண்டாவதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் முன்பு இதே ஆய்வை முன்பதிப்பாக, அதாவது இதழ் மதிப்பீட்டுக்கு முன்பே பொதுவில் வைக்கும் பிரீபிரிண்டாக, ஓர் இணையக் களஞ்சியத்தில் ஏற்றியதும், மொழியைத் திருத்த ஏஐ கருவியைப் பயன்படுத்தியதும் வேறு இவரை உறுத்துகின்றன. "வழக்கு வந்தால் என் படிப்பே போய்விடுமா? கட்டுரையை வேறு எங்காவது அனுப்ப முடியுமா? இனி காசு கேட்கும் எந்த இதழின் பக்கமும் போக மாட்டேன்" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டுரை இன்னும் இணையத்தில் ஏறவில்லை, "அடுத்த இதழில்" என்ற பட்டியலில் தலைப்பு மட்டும்தான் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே எனக்கு நிம்மதி தந்த வரி அதுதான். நீங்கள் நீதிமன்றத்தை நினைத்துத் தூங்காமல் இருக்கிறீர்கள். எனக்கோ அந்தக் கட்டுரை அங்கே ஏறிவிடுமோ என்பதுதான் கவலை. ஒருமுறை ஏறிவிட்டால் எந்த நல்ல இதழும் அதைத் தொடத் தயங்கும். மறைத்து வேறு இடத்தில் போட்டால் இரட்டை வெளியீடு என்ற பழி உங்கள் பெயரில் விழும், அந்த இதழின் மேல் விழாது. ஆகவே இப்போதைக்கு ஒரு காசும் கட்டாதீர்கள். வெளியீட்டுக் கட்டணத்தைக் கட்டினால் உடனே ஏற்றிவிடுவார்கள். வாபஸ் கட்டணத்தைக் கட்டினாலும் அவர்கள் சொன்னபடி நடப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அப்படியொரு கடன் இருந்ததாக நீங்களே ஒப்புக்கொண்டதாகவும் ஆகிவிடும்.

வழக்குப் போடுவார்களா?

இப்படிப்பட்ட மிரட்டல் கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவை நீதிமன்றப் படியேறி நான் பார்த்ததில்லை. காரணம் எளிது. வேறொரு நாட்டில் இருக்கும் மாணவர் மேல் இந்தத் தொகைக்கு வழக்குப் போட ஆகும் செலவு, கேட்கும் தொகையை விழுங்கிவிடும். அதைவிட முக்கியமாக, நீதிமன்றத்துக்குப் போனால் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்: மதிப்பீட்டாளர் யார், குழுவில் பெயர் இருப்பவர் ஏன் மறுக்கிறார், கட்டணத்தை ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை?

சட்டப்படி பார்த்தாலும் உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. ஒப்பந்தம் என்றால் இரு தரப்பும் ஒரே விஷயத்துக்குச் சம்மதித்திருக்க வேண்டும். நீங்கள் கட்டுரையை அனுப்பியபோது கட்டணம் என்ற பேச்சே இல்லை. வாபஸ் கட்டணம் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதே வாபஸ் கேட்ட பிறகுதான். எல்லாம் முடிந்த பின் ஒரு தரப்பு தன்னிஷ்டத்துக்குச் சேர்க்கும் நிபந்தனை மற்றவரைக் கட்டுப்படுத்தாது. ஒன்றை மட்டும் சரிபாருங்கள். கட்டுரையைப் பதிவேற்றியபோது "நிபந்தனைகளை ஏற்கிறேன்" என்ற கட்டத்தில் டிக் செய்தீர்களா? செய்திருந்தால் அந்த நிபந்தனைப் பக்கத்தை இன்றே முழுதாகச் சேமித்து வையுங்கள். அதில் வாபஸ் கட்டணம் ஒளிந்திருந்தாலும் அதோடு கதை முடிந்துவிடாது. வழக்கத்துக்கு மாறான கடுமையான நிபந்தனையைக் கண்ணில் படும்படி காட்டியிருக்க வேண்டும் என்றும், உண்மையான இழப்போடு தொடர்பில்லாத தண்டத் தொகையைக் கேட்க முடியாது என்றும் பல நாட்டு நீதிமன்றங்கள் சொல்கின்றன. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும் என்பதால், உண்மையிலேயே ஒரு வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தால் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். மின்னஞ்சலில் "லீகல் டிபார்ட்மென்ட்" என்று கையெழுத்திட்டு வருவதெல்லாம் நோட்டீஸ் ஆகாது.

இதே தந்திரங்கள் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டதும் உண்டு. ஓமிக்ஸ் என்ற பதிப்பகத்தின் மேல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2016-இல் வழக்குத் தொடர்ந்தது. கட்டணத்தை மறைத்தார்கள், மதிப்பீடு நடந்ததாகப் பொய் சொன்னார்கள், சம்மதிக்காதவர்களின் பெயரை ஆசிரியர் குழுவில் போட்டார்கள், கட்டுரையை வாபஸ் வாங்க விடவில்லை என்பவை குற்றச்சாட்டுகள். உங்கள் கடிதத்தைப் பார்த்து எழுதியது போல இருக்கிறது, இல்லையா? 2019-இல் நெவாடா கூட்டாட்சி நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்து, 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது.

உங்கள் நிறுவனத்துக்குப் புகார் செய்வார்கள் என்ற மிரட்டலைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். அவர்கள் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். ஆய்வு நெறிக்குழுவோ நூலகரோ யார் இருக்கிறார்களோ அவரிடம், நடந்ததைத் தேதி வரிசையாக ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஏமாற்றப்பட்டவர் தானாக முன்வந்து சொன்னால் அது பதிவாகும். பிறகு வரும் புகாருக்கு மதிப்பு இருக்காது.

கையெழுத்திட்ட படிவம்

முடிச்சு இங்கேதான் இருக்கிறது, எனவே கொஞ்சம் நின்று பேசுவோம். "பதிப்புரிமையை எழுதிக் கொடுத்துவிட்டேன், இனி கட்டுரை என்னுடையது அல்ல" என்கிறீர்கள். அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு எதுவும் தேவையில்லை என்பது பெர்ன் உடன்படிக்கை ஏற்ற நாடுகள் அனைத்துக்கும் பொது. அதை இன்னொருவருக்கு மாற்றித்தர, பல நாடுகளில் எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். உங்கள் கட்டுரைக்கு ஆசிரியர்கள் இருவர். படிவத்தில் இருப்பது ஒரு கையெழுத்து. கூட்டாக எழுதிய ஆக்கத்தின் உரிமை முழுவதையும் ஒருவர் மட்டும் தனியாகத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. நெறியாளர் உங்களுக்கு அந்த அதிகாரத்தைத் தந்திருந்தால் ஒழிய. "அனைத்து ஆசிரியர்கள் சார்பிலும்" என்ற வாசகம் இத்தகைய படிவங்களில் அடிக்கடி வரும். அது இருந்தாலும், உண்மையில் அவர் சம்மதம் தந்தாரா என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

இரண்டாவது வாதம் இன்னும் நேரடியானது. முறையான மதிப்பீடு நடந்து, பொறுப்பான ஆசிரியர் குழு வெளியிடும் என்ற நம்பிக்கையில்தான் நீங்கள் கையெழுத்திட்டீர்கள். அந்த இரண்டுமே பொய் என்றால், தவறான தகவல் தந்து வாங்கிய சம்மதம் அது. அதை ரத்து செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் உரிமை இருந்தால் மட்டும் போதாது, ரத்து செய்கிறேன் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். "வாபஸ் வாங்க விரும்புகிறேன், தயவுசெய்து" என்று நீங்கள் முன்பு எழுதிய கடிதம் ஒரு வேண்டுகோள். இப்போது தேவைப்படுவது அறிவிப்பு.

அந்த அறிவிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கட்டுரையின் தலைப்பு, எண், அனுப்பிய தேதி. கட்டுரையை வாபஸ் வாங்குகிறோம், இந்தத் தேதியிட்ட பதிப்புரிமைப் படிவத்தை ரத்து செய்கிறோம் என்ற இரண்டு வாக்கியங்கள். காரணங்கள் மூன்று வரியில்: கட்டணத்தை முன்கூட்டிச் சொல்லவில்லை, மதிப்பீடு நடந்ததற்கு அடையாளம் இல்லை, குழு உறுப்பினர் ஒருவர் தொடர்பை மறுத்துள்ளார் (அவர் பெயரை எழுத வேண்டாம், அவரை ஏன் வம்பில் மாட்டிவிட வேண்டும்?). தலைப்பைத் தளத்திலிருந்து நீக்கி 14 நாளுக்குள் உறுதி செய்யுங்கள், இதற்குப் பிறகு வெளியிட்டால் அது எங்கள் அனுமதியில்லாத வெளியீடு. இவ்வளவுதான். கோபம், கெஞ்சல், "என் வாழ்க்கையே போய்விடும்" போன்ற வரிகள் வேண்டாம். அவர்கள் அந்த வரியைத்தான் தேடுவார்கள்.

இருவரும் கையெழுத்திட்டால்தான் இந்த அறிவிப்புக்கு முழு வலு. அதனால் முதல் வேலை நெறியாளரிடம் பேசுவது. அவர் மனம் மாறாமல் தானும் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டால், நான் மேலே சொன்ன முதல் வாதம் கையைவிட்டுப் போய்விடும்.

14 நாளில் பதில் வராவிட்டால்? பெரும்பாலும் வராது. அதுவரை கட்டுரையை வேறு இதழுக்கு அனுப்பாதீர்கள். எந்த நல்ல இதழும் "இது வேறெங்கும் பரிசீலனையில் இல்லை" என்று உங்களிடம் உறுதி கேட்கும். பொய் சொல்லும் நிலைக்குப் போக வேண்டாம். கெடு முடிந்ததும் புதிய இதழின் ஆசிரியருக்கு முகப்புக் கடிதத்திலேயே நடந்ததைச் சொல்லி, அறிவிப்பின் நகலை இணைத்து அனுப்புங்கள். நல்ல இதழாசிரியர்களுக்கு இது புதிய கதை அல்ல. சிலர் மறுக்கலாம், அந்த ஆபத்து உண்டு. மறைத்து அனுப்பிப் பிறகு மாட்டுவதைவிட அது சிறியது.

அவர்கள் பிடிவாதமாக ஏற்றியே விட்டால், தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்குப் பதிப்புரிமை மீறல் புகார் கொடுக்கலாம். டிஓஐ உண்மையானதாக இருந்தால் அதைப் பதிவு செய்யும் அமைப்புக்கும் எழுதலாம். இரண்டுக்கும் இந்த ரத்து அறிவிப்புதான் அடிப்படை ஆவணம்.

பணம் கட்டுபவருக்கு ஒரு பெயர்

நெறியாளரின் இந்த யோசனைக்கு என் பதில்: கூடவே கூடாது. நீங்கள் இதை "சங்கடமான உதவி" என்று எழுதியிருக்கிறீர்கள். உதவி என்ற சொல்லே பொருந்தாது. ஆசிரியர் இடம் விலைக்குப் போகிறது, அவ்வளவுதான்.

ஆசிரியர் யார் என்பதற்கு மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளை மற்றத் துறைகளும் பரவலாக எடுத்தாள்கின்றன. ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு. எழுதியதில் அல்லது முக்கியமாகத் திருத்தியதில் பங்கு. இறுதி வடிவத்துக்கு ஒப்புதல். கட்டுரையில் உள்ள எதற்கும் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். நிதி ஏற்பாடு செய்ததற்காக மட்டும் ஒருவர் ஆசிரியர் ஆகிவிட முடியாது என்பதையும் அந்தக் குழு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அவருக்கு நன்றிப் பகுதியில் ஒரு வரி போதும். இதே நிபந்தனைகளை நெறியாளர் நிறைவேற்றுகிறாரா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இது வெறும் நெறிமுறைப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். பேப்பர் மில் என்று சொல்லப்படும் கட்டுரைத் தொழிற்சாலைகளின் வியாபாரமே ஆசிரியர் இடத்தை விற்பதுதான். விளைவு என்ன ஆயிற்று என்றால், வைலி நிறுவனம் 2021-இல் வாங்கிய ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்களில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் 8,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் ரத்து செய்யப்பட்டன. கடைசியில் அந்தப் பெயரையே கைவிடுவதாக வைலி அறிவித்தது. அப்போதிலிருந்து பல பதிப்பகங்கள் ஆசிரியர் பட்டியலில் நடுவில் நடக்கும் மாற்றங்களை உற்றுப் பார்க்கின்றன. ஏற்புக்குப் பிறகு திடீரென்று ஒரு புதுப் பெயர் வருவது அவர்கள் தேடும் அடையாளங்களில் முதன்மையானது. கட்டுரையை ரத்து செய்ததாக இதழ் அறிவித்தால் அதில் உங்கள் பெயரும் இருக்கும், தேடுபவர் கண்ணில் என்றைக்கும் படும்.

சரி, நெறியாளரிடம் இதை எப்படிச் சொல்வது? அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் சொல்லலாம். "ஐயா, அந்த இதழின் ஆசிரியர் குழுவில் இருப்பவரே மறுத்து எழுதியிருக்கிறார். பிறகு பிரச்சினை வந்தால் உங்கள் பெயரும் சேர்ந்து அடிபடும். இருவருமாகச் சேர்ந்து வாபஸ் கடிதம் கொடுத்துவிடலாம்" என்று அந்தப் பேராசிரியரின் மின்னஞ்சலை அச்செடுத்துக் காட்டுங்கள். பெயர் சேர்க்கும் பேச்சு வந்தால், "யார் என்ன பங்களித்தார் என்று இப்போது பல இதழ்கள் தனித்தனியாகக் கேட்கின்றன, இவருக்கு எதை எழுதுவது?" என்று கேளுங்கள். கிரெடிட் (CRediT) என்ற ஆசிரியர் பங்களிப்பு வகைப்பாட்டில் கருத்தாக்கம், தரவு பராமரிப்பு, மென்பொருள், முதல் வரைவு என்று 14 பங்குகள் உண்டு. நிதி திரட்டலும் அதில் ஒன்றுதான், ஆனால் அது ஆய்வுக்கான நிதி. இன்வாய்ஸ் கட்டுவது அதில் வராது. அவர் பிடிவாதம் பிடித்தால், பேசியதைப் பணிவாக ஒரு மின்னஞ்சலில் எழுதிப் பதிவு செய்துகொண்டு, நெறிக்குழுவிடம் ஆலோசனை என்ற பெயரில் போங்கள், புகார் என்ற பெயரில் வேண்டாம். நெறியாளரோடு உறவு கெடும் என்ற உங்கள் பயம் நியாயமானதுதான். அந்த விலை உண்மையானது. அதை இல்லையென்று நான் சொல்ல மாட்டேன்.

காசு கேட்டாலே மோசடியா?

"காசு கேட்கும் எந்த இதழின் பக்கமும் போக மாட்டேன்" என்ற உங்கள் முடிவு புரிகிறது, ஆனால் தப்பான கம்பியை அறுக்கிறீர்கள். கட்டணம் வாங்குவது மோசடிக்கு அடையாளம் அல்ல. 2002-இல் திறந்த அணுக்கத்தை முன்வைத்த புடாபெஸ்ட் அறிக்கை வந்தபோது நோக்கம், படிப்பவரிடம் சந்தா வாங்காமல் ஆய்வைத் திறந்துவிடுவது. செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்குக் கிடைத்த பல விடைகளில் ஒன்று, எழுதுபவர் பக்கம் கட்டணம் வசூலிப்பது. அந்த விடை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது வேறு கதை. நேச்சர் இதழ் 2020-இல் தன் திறந்த அணுக்கக் கட்டணமாக அறிவித்தது 9,500 யூரோ. அது அநியாயமாகத் தெரியலாம், எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் அந்தக் கட்டணம் தளத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது, கட்டணத்துக்கும் ஏற்புக்கும் சம்பந்தம் கிடையாது.

கட்டாமல் இருக்கவும் வழிகள் உண்டு. எழுதுபவர், படிப்பவர் இருவரிடமும் வாங்காத இதழ்களை வைரத் திறந்த அணுக்கம் என்கிறார்கள். பல்கலைக்கழகங்களும் அறிஞர் சங்கங்களும் அவற்றை நடத்துகின்றன. சந்தா இதழில் கட்டணமின்றி வெளியிட்டு, ஏற்கப்பட்ட வடிவத்தை ஒரு களஞ்சியத்தில் வைப்பது இன்னொரு வழி. நிதியளிப்பவர்கள் இப்போது இதைத்தான் கட்டாயமாக்கி வருகிறார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் நடந்த ஆய்வென்றால், 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகள் வெளியாகும் நாளிலேயே பொதுக் களஞ்சியத்தில் கிடைக்க வேண்டும். முன்பு அனுமதித்திருந்த 12 மாதத் தாமதம் போய்விட்டது. உங்கள் ஆய்வுக்கு நிதி கொடுத்தவர் என்ன விதி வைத்திருக்கிறார் என்று பாருங்கள், பலர் இதைப் படிப்பதே இல்லை. அப்புறம், வருமானம் குறைந்த நாடுகளின் ஆசிரியர்களுக்குப் பெரிய பதிப்பகங்கள் பலவற்றில் கட்டண விலக்கு உண்டு. கட்டுரையை அனுப்பும்போதே கேட்க வேண்டும், ஏற்புக்குப் பின் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

நீங்கள் ஏமாந்த இடம் வேறு. ஐஎஸ்எஸ்என் என்பது வெறும் அடையாள எண். விண்ணப்பித்தால் கிடைக்கும், தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. டிஓஐயும் அப்படித்தான். இம்பாக்ட் ஃபாக்டர் என்று இதழ் தன் தளத்தில் எழுதிக்கொள்வதை நம்பக் கூடாது. அதை வெளியிடும் கிளாரிவேட் நிறுவனத்தின் பட்டியலிலேயே தேட வேண்டும். உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் திருடி நடத்தும் நகல் தளங்களும் இருக்கின்றன. ஆகவே பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, பட்டியல் தரும் இணைப்பு வழியாகவே தளத்துக்குப் போங்கள்.

நல்ல இதழ்களைத் தொகுக்கும் பட்டியல்களும் வேதவாக்கு அல்ல. 2013-இல் சயன்ஸ் இதழின் செய்தியாளர் ஜான் போஹானன் வேண்டுமென்றே ஓட்டையாக எழுதிய ஒரு போலிக் கட்டுரையை 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. ஏற்றவற்றில் அப்போது நல்ல பட்டியலில் இருந்தவையும் உண்டு. திறந்த அணுக்க இதழ்களின் கோப்பகமான டோஜ் அதன் பிறகு நுழைவு விதிகளைக் கடுமையாக்கி, எல்லா இதழ்களையும் மறுபடி விண்ணப்பிக்க வைத்தது. பட்டியலைப் பாருங்கள், ஆனால் அதோடு நிற்காமல் அந்த இதழின் கடைசி இரண்டு வெளியீடுகளிலிருந்து உங்கள் துறைக் கட்டுரைகளை உட்கார்ந்து படியுங்கள். உங்களுக்கே தெரிந்துவிடும். ஆசிரியர் குழுவில் ஒருவருக்கு எழுதிக் கேட்டீர்களே, அதைவிட நல்ல சோதனையை நான் சொல்லித்தர முடியாது. அதைக் கட்டுரையை அனுப்பும் முன்பு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

நெறியாளரின் "ஒரு வெளியீடு வேண்டும்" என்ற கவலைக்கும் இங்கே பதில் இருக்கிறது. 2023 மார்ச்சில் கிளாரிவேட் ஒரே வீச்சில் ஐம்பதுக்கு மேற்பட்ட இதழ்களைத் தான் தேர்ந்தெடுத்த இதழ்களின் தொகுப்பிலிருந்து நீக்கியது. அவசரத்துக்கு எங்கோ போட்ட வெளியீடு, பட்டம் பரிசீலனைக்கு வரும் நாளில் கணக்கில் சேராமல் போகலாம். உங்கள் நிறுவன விதியில் "ஏற்கப்பட்டது" போதுமா, "பரிசீலனையில்" என்பதற்கும் இடம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வழியாகக் கேட்டதை நம்பித்தான் பலர் அவசரப்படுகிறார்கள்.

முன்பதிப்பும் ஏஐயும்

முன்பதிப்பு ஏற்றியதால் கட்டுரை "ஏற்கெனவே வெளியானது" ஆகிவிட்டது என்று பயப்படுகிறீர்கள். பழைய பயம் இது. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் 1969-இல் அப்படி ஒரு விதியை வைத்தது உண்மை. இயற்பியலாளர்கள் 1991 முதல் ஆர்க்கைவ் களஞ்சியத்தில் முன்பதிப்பை ஏற்றிவிட்டு இதழ்களுக்கும் அனுப்பி வருகிறார்கள். உயிரியலுக்கு 2013-இல் பயோஆர்க்கைவும் மருத்துவத்துக்கு 2019-இல் மெட்ஆர்க்கைவும் வந்தன. இன்று பெரும்பாலான இதழ்கள் முன்பதிப்பை ஏற்கின்றன. நீங்கள் அனுப்பப்போகும் இதழின் விதியை மட்டும் ஒருமுறை பார்த்து, அனுப்பும்போது அதன் இணைப்பைக் குறிப்பிடுங்கள். உங்கள் விஷயத்தில் அந்த முன்பதிப்பு ஒரு வரம். இந்த ஆய்வு உங்களுடையது, அதில் ஆசிரியர்கள் இருவர்தான் என்பதற்கு ஆறு மாதம் பழைய, தேதியிட்ட சாட்சி அது. மூன்றாவது பெயர் எங்கிருந்து வந்தது என்று யார் வேண்டுமானாலும் கேட்க முடியும் என்பதை நெறியாளரிடம் சொல்லுங்கள். ஏற்றியபோது எந்த உரிமம் தேர்ந்தெடுத்தீர்கள் என்றும் பாருங்கள். மற்றவர்கள் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்றால் அதைத் திரும்பப் பெற முடியாது; சில சந்தா இதழ்கள் அதைப் பற்றிக் கேட்கும்.

ஏஐயில் மொழி திருத்தியது குற்றமில்லை. கோப் என்ற வெளியீட்டு நெறிக் குழு 2023 பிப்ரவரியில் சொன்னது இரண்டு: கருவியை ஆசிரியராகப் போடக் கூடாது, பயன்படுத்தியதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வெறும் மொழித் திருத்தத்துக்கு அறிவிப்பு தேவையில்லை என்று சொல்லும் இதழ்களும் உண்டு. சொல்லிவிட்டால் தொல்லையில்லை. மேற்கோள் பட்டியலை மட்டும் ஒன்றுவிடாமல் கையால் சரிபாருங்கள், இல்லாத கட்டுரைகளை இருப்பது போல எழுதித் தருவதில் இந்தக் கருவிகள் கெட்டிக்காரர்கள்.

நாளைக்கு நெறியாளரைப் பாருங்கள். அவர் கையெழுத்திட்டதும் அறிவிப்பை அனுப்பி, நகலை உங்கள் நிறுவன நூலகருக்கும் போடுங்கள். அந்த இதழிலிருந்து தொலைபேசி வந்தால் எடுக்க வேண்டாம், "எழுத்தில் அனுப்புங்கள்" என்று மின்னஞ்சலில் ஒரு வரி பதில் போதும். நீங்கள் எனக்கு அனுப்பிய படிவத்தில் முதல் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. "அனைத்து ஆசிரியர்கள் சார்பிலும்" என்ற வாசகமும், உரிமை மாற்றம் எப்போது நடைமுறைக்கு வரும் என்பதும் வழக்கமாக இரண்டாவது பக்கத்தில்தான் இருக்கும். அதையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். படித்துவிட்டு, அறிவிப்பில் எந்த வரியை மாற்ற வேண்டும் என்று தனியாக எழுதுகிறேன்.